குன்னூர் குளிர்ல கிளி வளர்க்கலாமா? எந்தக் கிளி எப்படிப் பாசம் காட்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குன்னூர்ல இருக்கேன். 11 வருஷமா வீட்ல கிளி இருக்கு, இப்போ முத்துன்னு ஒரு காக்டெய்ல் (தலையில கொண்டை இருக்கற சின்னக் கிளி), மஞ்சுன்னு ஒரு சன் கன்யூர் (மஞ்சள், ஆரஞ்சு கலர்ல இருக்கற கிளி). ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கத்துல இருந்து தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாம் கிளி வாங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேப்பாங்க, கேக்கறது பெரும்பாலும் இதே கேள்விகள்தான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

அக்கா, எந்தக் கிளி நல்லாப் பேசும்? அதையே வாங்கிக்கறேன்.

பத்துல எட்டு பேர் முதல்ல கேக்கறது இதான். பேசறது வேற, பாசமா இருக்கறது வேற. நல்லாப் பேசற கிளி கிட்ட போனா கையைக் கடிச்சு வைக்கலாம், ஒரு வார்த்தை கூட வராத கிளி நாள் பூரா உங்க கழுத்துலயே கிடக்கலாம். இன்னொண்ணு, பேச்சுக்கு பெரிய கிளிதான் வேணும்னு இல்ல. கலிஃபோர்னியாவுல பக்-னு ஒரு பட்ஜீஸ் (நம்ம ஊர்ல லவ்பேர்ட்ஸ்னு விக்கற சின்னக் கிளி), உள்ளங்கைல அடங்கற சைஸ், அது 1728 வார்த்தை பேசினதா கின்னஸ்ல பதிவாகியிருக்கு. அதுக்காக நீங்க வாங்கற பட்ஜீஸ் பேசும்னு யாரும் வாக்கு கொடுக்க முடியாது, ஆண் பறவைன்னா வாய்ப்பு அதிகம், அவ்ளோதான்.

அதனால நான் திருப்பிக் கேக்கற கேள்வி, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து உக்காந்ததும் அந்தக் கிளி என்ன பண்ணா உங்களுக்கு மனசு நிறையும்? மடியில வந்து படுக்கணுமா, தோள்ல உக்காரணுமா, இல்ல கூண்டுக்குள்ள இருந்து விசிலடிச்சுக் கூப்பிட்டாலே போதுமா? இதுக்கு நேர்மையா பதில் சொன்னீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

பாசம்னா எல்லாக் கிளிக்கும் ஒண்ணுதானே?

இல்லைங்க, இதைப் புரிஞ்சுக்காமதான் நிறைய பேர் வாங்கின கிளியை ஆறே மாசத்துல "இது நம்ம கிட்ட ஒட்டவே மாட்டேங்குது"ன்னு மூலைல போட்டுடறாங்க.

சில கிளிக்கு தொடுதல்தான் பாசம். சன் கன்யூர், கிரீன் சீக் கன்யூர், காக்கட்டூ (கொண்டை வெச்ச பெரிய கிளி) எல்லாம் இந்த வகை, சட்டைக்குள்ள பூந்துக்கும், மல்லாக்கப் படுக்கும், கீழ இறக்கி விட்டா கத்தும். காக்டெய்ல் அப்படி ஒட்டாது, ஆனா தலையைக் குனிஞ்சு உங்க விரலுக்கு நேரா நீட்டும், சொறிஞ்சு விடணும், நிறுத்தினா மூக்கால தட்டிக் கேக்கும். மூணாவது வகை இருக்கு, அதுதான் நம்ம ஆளுங்களுக்குப் புரியறதில்ல, ஆப்பிரிக்கன் கிரேன்னு சொல்ற சாம்பல் கிளி, எக்லெக்டஸ்னு ஒரு பெரிய கிளி, நிறைய பட்ஜீஸ் கூட இப்படித்தான், தொட்டா பிடிக்காது, ஆனா நீங்க இருக்கற ரூம்லயே இருக்கணும். நீங்க சாப்பிடும்போது அதுவும் சாப்பிடும், நீங்க பேசும்போது அதுவும் ஏதோ முணுமுணுக்கும், நீங்க எழுந்து போனா கூப்பிடும். காட்டுல கூட்டமா வாழற பறவைக்கு கூட இருக்கறதே சொந்தம். பக்கத்துல வந்து உக்காந்து கண்ணை மூடி ரெக்கையைக் கோதுதுன்னா, உங்க பக்கத்துல எனக்கு பயமே இல்லன்னு சொல்லுதுன்னு அர்த்தம். அதைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும்னு நினைச்சா அந்த நம்பிக்கை போயிடும்.

லவ்பேர்ட்ஸ் வாங்கலாமா? பேர்லயே லவ் இருக்கே.

முதல்ல எதைச் சொல்றீங்கன்னு பாக்கணும். நம்ம ஊர்ல பச்சை, நீலம், மஞ்சள்னு ஜோடி ஜோடியா விக்கறாங்களே, அது பட்ஜீஸ், ஆஸ்திரேலியா பறவை. நிஜ லவ்பேர்ட்ஸை நம்ம கடைகள்ல ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸ்னு சொல்லுவாங்க, குட்டை வால், தடிச்ச அலகு.

பட்ஜீஸ் சாது. மூக்குக்கு மேல இருக்கற சதை பெரிய பறவைல நீலமா இருந்தா ஆண், பழுப்பா இருந்தா பெண், வெள்ளை மஞ்சள் ரகத்துல மட்டும் ஆணுக்கு ரோஸ் கலராவே நின்னுடும். முதல் தடவை வளர்க்கறவங்களுக்கு நான் தைரியமா சொல்றது இதைத்தான், கடிச்சாலும் பெருசா வலிக்காது.

ஆப்பிரிக்கன் லவ்பேர்ட்ஸ் அழகு, சுறுசுறுப்பு, பேப்பர் குடுத்தா நீளமா கீறி வால் பக்கத்து இறகுல செருகிட்டுப் போகும் பாருங்க, அதை நாள் முழுக்க பாக்கலாம். ஆனா அதோட பாசம் அதோட ஜோடிக்குத்தான். குறிப்பா பெண் பறவை தன் கூண்டுக்குள்ள கை வந்தா விடாது, ரத்தம் வர்ற மாதிரி கடிக்கும். தனியா, சின்னதுல இருந்து கைல வளர்த்தா ஒட்டும், அதுக்கும் தினமும் நேரம் வேணும்.

காக்டெய்ல் பத்தி நல்லபடியா சொல்றாங்களே, உண்மையா?

என் மனசுல முதல் இடம் காக்டெய்லுக்குத்தான், அதை மறைக்க விரும்பல. முத்து வந்தப்போ மூணு வாரம் கூண்டோட ஓரத்துலயே இருந்தான். நான் தினமும் சாயங்காலம் பக்கத்துல ஸ்டூல் போட்டு காய் நறுக்குவேன், அவனைப் பாக்கக் கூட மாட்டேன். ஒரு நாள் மழை, கரண்ட் இல்ல, மெழுகுவத்தி வெளிச்சத்துல பீன்ஸ் நறுக்கிட்டு இருக்கேன், கம்பிக்குப் பக்கத்துல வந்து தலையைக் குனிஞ்சு அப்படியே நின்னான். சுண்டு விரலை உள்ள விட்டு காதுக்குப் பக்கத்துல மெதுவா தேய்ச்சேன், புதுசா வர்ற இறகு மேல இருக்கற மெழுகு மாதிரி உறை இருக்கில்ல, அது பொடிப் பொடியா உதிர்ந்துச்சு, அவன் கண்ணு பாதி மூடிடுச்சு. அதுக்கப்புறம் அலகை நற நறன்னு அரைக்கற சத்தம் வந்துச்சு, அது தூக்கம் வரும்போது, நிம்மதியா இருக்கும்போது வர்ற சத்தம். அன்னைக்கு பீன்ஸ் நறுக்கி முடிக்கல.

காக்டெய்லோட மனசு கொண்டையில தெரியும். நேரா நட்டுக்கிட்டு நின்னா பயம், இல்லன்னா ஆச்சரியம், தலையோட ஒட்டிப் படிஞ்சு உஸ்ஸுன்னா கோபம், பாதி சாஞ்சு இருந்தா நிம்மதி. பேச்சு ரெண்டு மூணு வார்த்தை வந்தா பெரிசு, ஆனா ஆண் பறவை விசில்ல மன்னன். முத்து மேட்டுப்பாளையம் ரயில் கூவறதை அப்படியே அடிப்பான், குக்கர் விசிலும் சேத்துத்தான், எனக்கே குழப்பமாகி அடுப்படிக்கு ஓடியிருக்கேன்.

குறைன்னா தூசி. உடம்புல இருந்து வெள்ளை மாவு மாதிரி உதிரும். கீழ ஊர்ல ஜன்னல் திறந்தே இருக்கும், இங்க குளிருக்கு எப்பவும் மூடித்தான் வெச்சிருக்கோம், அதனால தூசி வீட்டுக்குள்ளயே நிக்கும். வீட்ல ஆஸ்துமாக்காரங்க இருந்தா காக்டெய்லும் வேண்டாம், ஆப்பிரிக்கன் கிரேயும் காக்கட்டூவும் வேண்டாம், கன்யூர் பக்கம் யோசிங்க. அப்புறம் ராத்திரி திடீர்னு பயந்து கூண்டுக்குள்ள அடிச்சுக்கும், ஒரு சின்ன விளக்கு எரிய விட்டா போதும்.

சன் கன்யூர் கலரைப் பாத்து மயங்கிட்டேன். எடுக்கலாமா?

உங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல சுவர் பொதுவா? அப்படின்னா தயவு செஞ்சு வேண்டாம். எஸ்டேட் லைன் வீட்ல ஒரு குடும்பம் ஆசையா வாங்கினாங்க, காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் வெளிச்சம் குறையும்போதும் அது கத்தற கத்தல்ல நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கற பக்கத்து வீட்டுக்காரருக்கு தூக்கமே போச்சு. அந்தக் கிளிதான் இப்போ எங்க வீட்ல மஞ்சு. தென் அமெரிக்காவுல கயானா, வட பிரேசில் பக்கம் கூட்டமா பறக்கற பறவை, தூரத்துல இருக்கற கூட்டாளிக்குக் கேக்கணும்னு கத்துது, அதைத் திட்டி நிறுத்த முடியாது.

ஆனா பாசம்னு பாத்தா இது மாதிரி வராது. ஸ்வெட்டர் கைக்குள்ள பூந்து முழங்கை வரைக்கும் போய் அங்கயே தூங்கும். அந்த அளவுக்குத் திருப்பிக் கேக்கவும் செய்யும், தினம் ரெண்டு மூணு மணி நேரம் கூட இருக்க முடியலன்னா கத்தல் கூடும், இறகைப் பிடுங்கிக்க ஆரம்பிக்கும். ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுக்கு நான் சிபாரிசு பண்றதில்ல. கன்யூர்தான் வேணும்னா கிரீன் சீக் பாருங்க, சத்தம் நல்லாவே கம்மி, குறும்பு அதிகம், விளையாட்டா கொஞ்சம் கடிக்கும்.

ஆப்பிரிக்கன் கிரே?

புத்திசாலித்தனத்துல சந்தேகமே இல்ல. அமெரிக்காவுல ஐரீன் பெப்பர்பெர்க்னு ஒரு விஞ்ஞானி 1977ல ஒரு சாதாரண செல்லப் பிராணிக் கடையில அலெக்ஸ்னு ஒரு கிரேயை வாங்கி முப்பது வருஷம் ஆராய்ச்சி பண்ணாங்க, அது 2007ல செத்துப் போச்சு, கலர், வடிவம், எண்ணிக்கை எல்லாம் பிரிச்சுச் சொல்லும். அவ்ளோ மூளை இருக்கற உயிருக்கு கூண்டுல சும்மா உக்காந்திருக்கறது எவ்ளோ கொடுமைன்னு யோசிங்க. வேலை குடுக்கணும், புதிர் மாதிரி சாப்பாட்டை ஒளிச்சு வைக்கணும், வீட்ல பொருள் இடம் மாறினாக் கூட பயப்படும். பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் தேர்ந்தெடுக்கும், வாங்கினவரையே தேர்ந்தெடுக்கும்னு கட்டாயமும் இல்ல. நல்லா வளர்த்தா 40, 50 வருஷம் வாழும், அதனால உங்களுக்கு அப்புறம் யாருன்னு இப்பவே முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

நம்ம பச்சைக்கிளியே இருக்கும்போது எதுக்கு வெளிநாட்டுக் கிளி?

மதுரை மீனாட்சி கையில கிளி, ஆண்டாள் கையில கிளி, அதனால வீட்ல ஒரு பச்சைக்கிளி இருந்தா நல்லதுன்னு என் பாட்டி கூட சொல்லும். ஆனா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுக் கிளி எதையும் பிடிக்கவோ விக்கவோ வளர்க்கவோ கூடாது. பச்சைக்கிளி, பெரிய பச்சைக்கிளி, நம்ம மலையில இருக்கற நீலப் பைங்கிளி எல்லாத்துக்கும் இதேதான். நீலப் பைங்கிளி உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, காலைல சோலைக்காட்டு ஓரமா கத்திக்கிட்டு கூட்டமா போறதைப் பாத்திருப்பீங்க. மரப்பொந்துல இருந்து குஞ்சு எடுத்து விக்க வந்தா வாங்காதீங்க, வாங்க ஆள் இருக்கறதாலதான் எடுக்கறாங்க. கீழ விழுந்த குஞ்சு கிடைச்சா வனத்துறைக்கு சொல்லுங்க.

வெளிநாட்டுக் கிளியிலயும் ஒரு விஷயம் இருக்கு. பட்ஜீஸ், காக்டெய்ல், பீச் ஃபேஸ் லவ்பேர்ட் இந்த மூணுக்கும் பதிவு தேவையில்ல. கன்யூர், கிரே, எக்லெக்டஸ், ஃபிஷர் ரக லவ்பேர்ட் எல்லாம் சைட்டீஸ்னு சொல்ற சர்வதேச வனஉயிர் வர்த்தக ஒப்பந்தத்தோட பட்டியல்ல வருது, 2024 பிப்ரவரில வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதியணும், கை மாறினாலும் குஞ்சு பொரிச்சாலும் இறந்தாலும் சொல்லணும். விக்கறவர் கிட்ட பேப்பர் கேளுங்க, இல்லன்னா அந்த இடத்தை விட்டு வந்துடுங்க.

ஊட்டி, கொடைக்கானல் குளிரை கிளி தாங்குமா?

தாங்கும், ஆனா நீங்க பாத்துக்கணும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரில புல்லு மேல உறைபனி படியற ஊர். காக்டெய்லும் பட்ஜீஸும் ஆஸ்திரேலியாவோட காஞ்ச உள்நாட்டுல இருந்து வந்தது, ராத்திரிக் குளிர் அதுக்குப் புதுசில்ல, நம்ம ஊரு ஈரமும் மேகமும்தான் பிரச்சனை. கோயமுத்தூர்லயோ வத்தலகுண்டுலயோ 32 டிகிரில வளர்ந்த பறவையை டிசம்பர்ல நேரா மேல கொண்டு வராதீங்க, மார்ச்ல இருந்து மே வரைக்கும் கொண்டு வந்தா மழைக்காலத்துக்குள்ள பழகிடும். வழியில ஹேர்பின் வளைவுகள்ல ஆடாம இருக்க சின்ன டப்பால, பாதி மூடி, மடியில வெச்சுக்கங்க, தண்ணிக்குப் பதிலா ஒரு துண்டு வெள்ளரிக்காய் போடுங்க.

கூண்டு உள்சுவர் பக்கம் இருக்கணும், ஜன்னல் கதவுக்கு நேரா காத்து வர்ற இடத்துல வேண்டாம். ராத்திரி மூணு பக்கம் கம்பளி. வெளிச்சம் வராத ஹீட்டர் பல்பு கிடைக்குது, அதைக் கூண்டுக்கு வெளியே ஒரு பக்கமா மாட்டுங்க, சூடு வேணும்னா அந்தப் பக்கம் போகும், வேண்டாம்னா நகர்ந்துக்கும். கரண்ட் போனா வெந்நீர் பையை துணி சுத்தி கூண்டுக்கு வெளிப்பக்கம் வைப்பேன். இறகை உப்பலா வெச்சுக்கிட்டு நாள் பூரா அசையாம இருந்தா அது குளிர் மட்டும் இல்ல, நோய், டாக்டரைப் பாருங்க. மலையில பறவை பாக்கற டாக்டர் எளிதா கிடைக்க மாட்டாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே கீழ யார் பாக்கறாங்கன்னு நம்பர் வாங்கி வெச்சுக்கங்க.

இதை விட முக்கியம் புகை. நாம குளிர் காய கரி மூட்டி ரூமுக்குள்ள வைப்போம், அதுல வர்ற கார்பன் மோனாக்சைடு மனுஷனுக்கு முன்னாடி பறவையைத்தான் கொல்லும், அதனாலதான் அந்தக் காலத்துல சுரங்கத்துக்குள்ள கேனரி குருவியைக் கொண்டு போனாங்க. சளி பிடிச்சா நீலகிரித் தைலம் ஊத்தி ஆவி பிடிக்கறோம் இல்லையா, அதைக் கிளி இருக்கற ரூம்ல பண்ணாதீங்க, அந்த நெடி அதோட நுரையீரலுக்கு ஆகாது. கொசுவத்தி, சாம்பிராணி அதே மாதிரி. நான்ஸ்டிக் தவாவை காலியா சூடு பண்ணி விட்டா வர்ற ஆவி சில நிமிஷத்துலயே முடிச்சிடும், கண்ணுக்குத் தெரியவும் தெரியாது.

ஒண்ணா வாங்கவா, ஜோடியாவா?

நேரம் இருந்தா ஒண்ணு, இல்லன்னா ஜோடி. ஜோடியா இருந்தா அதுங்க ஒண்ணுக்கொண்ணு துணை, உங்க கிட்ட கொஞ்சம் குறையும், அதை ஏத்துக்கணும். உங்க ஆசைக்காக ஒண்ணே ஒண்ணு வாங்கி பத்து மணி நேரம் தனியா பூட்டி வைக்காதீங்க.

கடையில எப்படிப் பாத்து எடுக்கறது?

அரை மணி நேரமாவது நில்லுங்க. கலரை விட்டுட்டு நடத்தையைப் பாருங்க. கூண்டுக்குப் பக்கத்துல கையைச் சும்மா வெச்சுக்கிட்டு நின்னா ஒண்ணு ஓரமா ஒதுங்கும், ஒண்ணு சீறும், ஒண்ணு தலையைச் சாய்ச்சுப் பாத்து ஒரு அடி முன்னாடி வைக்கும். அந்த மூணாவதுதான் உங்களது. ஒரே ரகத்துலயே குணம் இவ்ளோ மாறும், நான் மேல சொன்னதெல்லாம் பொதுவான போக்குதான். மூக்குத் துவாரம் சுத்தமா இருக்கா, பின்பக்க இறகுல எச்சம் ஒட்டியிருக்கா, நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திட்டு இருக்கான்னு பாருங்க.

"கண்ணு திறந்த குஞ்சா வாங்கி நீங்களே ஹேண்ட் ஃபீட் பண்ணா, அதாவது சிரிஞ்சால கஞ்சி ஊட்டினா நல்லா ஒட்டும்"னு சொல்லி விப்பாங்க. என்கிட்டயும் ஒரு கடையில அப்படித்தான் குடுத்தாங்க, எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது, கஞ்சி கொஞ்சம் சூடா இருந்திருக்கு, தொண்டைப்பை வெந்து அஞ்சாம் நாள் என் கைலயே போயிடுச்சு. இன்னைக்கும் அந்த சிரிஞ்சை நினைச்சா வயிறு கலங்கும். தானா சாப்பிடற பறவையா வாங்குங்க, கடையிலயே தினையைப் போடச் சொல்லி அது கொத்தித் தின்னறதைக் கண்ணால பாத்துட்டு வாங்குங்க. ஒட்டறதுக்கு சிரிஞ்ச் தேவையில்ல, பொறுமை போதும்.

தடவிக் குடுத்தா கடிக்குது, ஏன்?

எங்க தடவறீங்க? தலை, கழுத்து, கன்னம் மட்டும்தான். முதுகு, வால், ரெக்கைக்குக் கீழ எல்லாம் ஜோடிப் பறவை தொடற இடம், அங்க தொட்டா உங்களை ஜோடியா நினைச்சுக்கும், அப்புறம் வீட்ல மத்தவங்க மேல பாயும், பெண் பறவைன்னா முட்டை கூட வெக்கும். தின்னதைக் கக்கி உங்க விரல்ல வெச்சா அருவருக்காதீங்க, அது அதோட அன்புதான், ஆனா அந்த நேரம் மெதுவா கவனத்தை மாத்தி விடுங்க. கடிக்கறதுக்கு முன்னாடி கிளி சொல்லிடும், கண்ணுப்பாப்பா சுருங்கி விரியும், கழுத்து இறகு படியும், உடம்பு விறைக்கும். அப்பவே கையை எடுத்துடுங்க. கத்தவோ உதறவோ கூடாது.

நம்ம ஊரு சாப்பாட்டுல எதெல்லாம் குடுக்கலாம்?

ஊட்டி கேரட், பீன்ஸ், கீரை, முளைகட்டின பயறு நல்லது, மருந்தடிச்ச காய் நல்லாக் கழுவணும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே போட்டா கொழுப்பு கூடும். கடல் நுரைன்னு விக்கற கணவாய் ஓடு ஒரு துண்டு மாட்டி வைங்க. ப்ளம்ஸ், பீச், ஆப்பிள்னா கொட்டையை எடுத்துடுங்க. நம்ம தோட்டத்துல காய்க்கற பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கிளிக்கு விஷம், ஒரு துண்டு கூட வேண்டாம். ஹோம்மேட் சாக்லேட்டும் அதே மாதிரி, வீட்ல விருந்தாளிங்க வந்தா முதல்ல இதைச் சொல்லிடுங்க.

சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுக்கு?

பட்ஜீஸ், இல்லன்னா காக்டெய்ல். கூண்டை மட்டும் வராண்டாவுல தொங்க விடாதீங்க, இங்க குரங்கு கை விட்டு இழுத்துடும்.

வளர்க்க முடியலன்னா பறக்க விட்டுடலாமா?

பாவம் பாத்து திறந்து விடறதா நினைக்கறாங்க, ஆனா கூண்டுல பொறந்த வெளிநாட்டுக் கிளிக்கு நம்ம மலையில என்ன தின்னணும்னும் தெரியாது, எங்க தூங்கணும்னும் தெரியாது, ஒரு மழை ராத்திரி தாண்டாது. கிளியை வளர்த்து பூனை கையில குடுத்த கதைதான் அது. தெரிஞ்ச, நேரம் இருக்கற ஆளாப் பாத்துக் குடுங்க, பதிவு இருந்தா அதையும் மாத்திக் குடுங்க, கூண்டையும் சேத்தே குடுங்க, அதுக்கு அதுதான் வீடு.

மஞ்சுவைக் கொண்டு வந்து விட்டப்போ அந்த லைன் வீட்டுப் பாப்பா ஒரு நோட்டுப் பேப்பர் குடுத்துச்சு. "கேரட்டை நீளமா வெட்டணும், வட்டமா வெட்டினா தின்னாது. சிவப்பு வாளிக்குப் பயப்படும். தூங்கறதுக்கு முன்னாடி 'போதும்டா தங்கம்'னு சொல்லிட்டுத் துணி போடணும்." அந்தப் பேப்பர் இன்னும் கூண்டு மேல ஒட்டியிருக்கு, தினம் ராத்திரி நானும் அதையே சொல்லிட்டுத்தான் துணி போடறேன்.